ராத்திரி எத்தனை பேர் முழிச்சிருக்காங்க? முதியோர் இல்லத்துக்கு டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி



ரிட்டையர்மென்ட் பிளானிங் பத்தி நிறைய வீடியோ போட்டாச்சு. எல்லாமே நம்ம ரிட்டையர்மென்ட். ஆனா அதுக்கு 20 வருஷம் முன்னாடியே ஒரு பெரிய செலவு வரும், அதை யாரும் எக்ஸெல்ல போட்டு வைக்கிறதில்ல: வீட்டுப் பெரியவங்களோட பராமரிப்பு. வீட்டுக்கடன் இஎம்ஐயும் பசங்களோட ஸ்கூல் ஃபீஸும் ஓடிட்டிருக்கிற அதே நேரத்துல ஒருநாள் ஒரு போன் வரும்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க."

எங்களுக்கு அந்த போன் புதுச்சேரி குருசுக்குப்பத்துல இருந்து வந்தது.

ஒயிட் டவுனைத் தாண்டி வடக்கே போனா கடலை ஒட்டியே வர்ற பகுதி. பெரியம்மா அங்க தனியா இருந்தாங்க, வயசு 76. பெரியப்பா இல்ல. அண்ணன் பாரீஸ்ல வேலை பார்க்கிறார், நான் சென்னையில. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துலதான் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்துல 46 செ.மீ.க்கு மேல மழை. கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. ரெண்டு நாள் பெரியம்மா எப்படி இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரியல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சோறு கொடுத்துப் பார்த்துக்கிட்டாங்க. அப்பவே நாங்க முடிவு எடுத்திருக்கணும். எடுக்கல. நாலு மாசம் கழிச்சு விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சது. ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆகும்போது, "தனியா விடாதீங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டார்.

மூணு நாள்ல ஒரு இல்லத்தைப் பிடிச்சோம். வெப்சைட் நல்லா இருந்தது, வரவேற்பறை நல்லா இருந்தது, வாசல்ல துளசி மாடம்கூட இருந்தது. "24 மணி நேர நர்ஸிங்"னு போர்டு. டெபாசிட் 2 லட்சம், மாசம் 28,000. ஒரு மியூச்சுவல் ஃபண்ட் வாங்க ஆறு ஃபண்டை கம்பேர் பண்ணுவேன். இதுல ஒரே ஒரு இடத்தைப் பார்த்துட்டு கூகுள் பே பண்ணிட்டேன்.

அஞ்சாவது வாரம் பெரியம்மாவுக்கு முதுகுக்குக் கீழே படுக்கைப்புண். அந்த வெள்ளிக்கிழமை சொல்லாம கொள்ளாம ராத்திரி ஒன்பதரைக்குப் போய் நின்னேன். 22 பேர் இருக்கிற இல்லத்துல ஒரே ஒரு ஆயா, அவங்களும் களைச்சுப் போய் நாற்காலியிலேயே தூங்கிட்டிருந்தாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் வரல. காலையில இருந்து அவங்கதான் ட்யூட்டின்னு பிறகு தெரிஞ்சது.

இந்தக் கணக்கை நீங்களே போடலாம்

படுத்த படுக்கையா இருக்கிறவங்களை சுமாரா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா புண் வரும். ராத்திரி 9-ல இருந்து காலை 5 வரைக்கும் ஒருத்தருக்கு நாலு தடவை. 22 பேர்ல 8 பேர் படுக்கையில இருந்தா 32 தடவை. கூடவே டயப்பர் மாத்தணும், பாத்ரூமுக்குக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். கனமானவங்களைப் புரட்ட ரெண்டு பேர் வேணும். ஒரு ஆயாவால இது நடக்காது. அவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் நடக்காது.

இப்போ இதுக்கு என்ன செலவாகும்னு பாருங்க. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஊழியர் தினம் 8 மணி நேரம், வாரம் 6 நாள் வேலை செஞ்சா 48 மணி நேரம். அப்போ எந்த நேரமும் "ஒரே ஒரு ஆள்" நிக்கணும்னாலே மூணரை பேருக்குச் சம்பளம் கொடுக்கணும். லீவு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தா நாலு பேர். உதாரணத்துக்கு ஆளுக்கு 15,000 சம்பளம்னு வைங்க, மாசம் 60,000. ஆறு முதியவர்களுக்கு ஒரு ஆள்னு வச்சா தலைக்கு 10,000. இது ஆயா சம்பளம் மட்டும்தான். வாடகை, சாப்பாடு, நர்ஸ், ஜெனரேட்டர் டீசல், துணி துவைக்கிறது எல்லாம் தனி.

இந்தக் கணக்கைக் கையில வச்சுக்கிட்டு விளம்பரத்தைப் படிங்க. "எல்லாம் சேர்த்து 12,000, 24 மணி நேர கவனிப்பு"ன்னு சொன்னா அந்தக் காசு எங்க இருந்து வருதுன்னு கேட்கணும். நன்கொடையில நடக்கிற இல்லம்னா பதில் இருக்கும், அப்படி நல்லா நடத்துறவங்களும் இருக்காங்க. நன்கொடையும் இல்லைன்னா ராத்திரி ஆள் இருக்க மாட்டாங்க. பல இடத்துல 12 மணி நேர ஷிஃப்ட் போட்டு ரெண்டே முக்கால் ஆள்ல சமாளிப்பாங்க. எங்க இல்லத்துல அதுகூட இல்ல.

அதுக்காக விலை அதிகமா இருந்தா தரம் நல்லா இருக்கும்னும் நினைச்சுக்காதீங்க. அண்ணன் இந்த விஷயத்தைக் கேட்டதும் சொன்னது பிரான்ஸ் கதை. 2022 ஜனவரியில விக்தர் காஸ்தானேங்கிற பத்திரிகையாளர் அங்க ஒரு புத்தகம் போட்டார். ஓர்பெயாங்கிற, பங்குச்சந்தையில பட்டியலிட்ட பெரிய முதியோர் இல்லக் கம்பெனி பத்தின விசாரணை. மாசம் 6,500 யூரோவுக்கு மேல வாங்கின பாரீஸ் பக்கத்து இல்லத்துலயே டயப்பரை எண்ணிக் கொடுத்தாங்க, சாப்பாட்டுச் செலவை இழுத்துப் பிடிச்சாங்கன்னு குற்றச்சாட்டு. பங்கு விலை சரிஞ்சது, கடைசியில அரசு சார்பு நிதி நிறுவனம் உள்ள வந்து கம்பெனியைத் தூக்கி நிறுத்த வேண்டியதாச்சு. இப்போ பேரையும் மாத்திட்டாங்க. பங்கு வாங்குறவங்க பார்த்த லாபமும் அந்த டயப்பர் கணக்கும் ஒரே பேலன்ஸ் ஷீட்லதான் இருந்தது.

நம்ம ஊர்ல தரத்தை யார் பார்க்கிறாங்க?

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறோம். "கவர்மென்ட் பார்த்துத்தானே லைசென்ஸ் கொடுத்திருக்கும்"னு நினைச்சுக்கிறோம்.

2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்துல 19-வது பிரிவு முதியோர் இல்லத்தைப் பத்திப் பேசுது. மாவட்டத்துக்கு ஒண்ணாவது, வசதியில்லாத 150 பேராவது தங்குற மாதிரி மாநில அரசு "அமைக்கலாம்"னு இருக்கு. அமைக்கணும்னு இல்ல. அந்த இல்லங்களுக்கு என்ன தரம், என்ன சேவைன்னு அரசு திட்டம் போடலாம்னும் இருக்கு. நீங்களும் நானும் காசு கொடுத்துச் சேர்க்கிற தனியார் இல்லத்துக்கு அதுல நேரடியா எதுவும் இல்ல. இதைச் சரி பண்ண 2019 டிசம்பர்ல ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. தனியார் இல்லங்கள் கட்டாயம் பதிவு பண்ணணும், குறைந்தபட்சத் தரம் இருக்கணும்னு அதுல இருந்தது. நிலைக்குழு வரைக்கும் போச்சு. 2024-ல மக்களவை கலைஞ்சப்போ மசோதாவும் காலாவதி ஆயிடுச்சு.

2019-ல மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால வீடுகளுக்கு மாதிரி வழிகாட்டுதல் ஒண்ணு கொடுத்தது. சாய்தளம், வழுக்காத தரை, வீல்சேர் போற லிஃப்ட், அவசர அலாரம்னு நல்ல விஷயங்கள்தான். ஆனா பேரே "மாதிரி". மாநில அரசுகள் எடுத்துக்கிட்டாத்தான் உண்டு.

அப்போ கண்காணிப்பு இல்லைன்னா என்ன ஆகும்? புதுச்சேரியில இருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி பக்கத்துல குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம். அமெரிக்காவுல இருக்கிற ஒருத்தர் 2021 டிசம்பர்ல தன்னோட வயசான உறவினரை அங்க சேர்த்திருந்தார். பிறகு விசாரிச்சப்போ, "அவரை பெங்களூருக்கு மாத்திட்டோம்"னு பதில். அங்கயும் ஆள் இல்ல. சென்னை உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போட்டாங்க. அதுக்கு அப்புறம், 2023 பிப்ரவரியிலதான் போலீஸும் அதிகாரிகளும் உள்ள போய்ப் பார்த்தாங்க. உரிய அனுமதி இல்லாம பல வருஷமா நடந்திட்டிருந்த இடம்னு அப்போதான் வெளிய வந்தது. 140-க்கும் மேற்பட்டவங்க மீட்கப்பட்டாங்க, வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு. ஒரு குடும்பம் விடாம தேடினதாலதான் அந்தக் கதவு திறந்தது.

நகரத்துல, நல்ல ஏரியாவுல இருந்தா பயம் இல்லைன்னும் சொல்ல முடியாது. 2023 ஜனவரி 1 அதிகாலை தில்லி கிரேட்டர் கைலாஷ்ல முதியவர்களுக்கான பராமரிப்பு இல்லத்துல தீப்பிடிச்சு ரெண்டு மூதாட்டிகள் இறந்தாங்க. நேரத்தைக் கவனிங்க, அதிகாலை. ஆள் குறைவா இருக்கிற நேரம்.

பிரான்ஸ்ல 2002 ஜனவரி 2-ம் தேதிச் சட்டப்படி இல்லத்துல சேர்றவங்களுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம், உரிமைப் பட்டியல் எல்லாம் கொடுத்தே ஆகணும். அங்க தங்கியிருக்கிறவங்களும் குடும்பத்தாரும் உட்கார்ந்து பேசுற ஒரு குழுவும் இருக்கணும். இவ்வளவு இருந்தும்தான் ஓர்பெயா நடந்தது. ஆனா காஸ்தானே எழுதினதும் கேள்வி கேட்க ஒரு சட்டம் இருந்தது. நமக்கு இப்போதைக்கு இருக்கிறது நாம கையெழுத்துப் போடுற அக்ரிமென்ட்தான்.

அந்த அக்ரிமென்ட்டும் எங்க 2 லட்சமும்

பெரியம்மாவை வெளிய கூட்டிட்டு வந்தப்போ டெபாசிட்டைத் தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம் லாக்-இன், முன்னாடியே போனா டெபாசிட் கிடையாதுன்னு நாலாவது பக்கத்துல இருந்ததாம். நான் கையெழுத்துப் போட்டது ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு.

ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. காசு கொடுத்துச் சேர்த்தா நீங்க நுகர்வோர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, "நியாயமற்ற ஒப்பந்தம்"னா என்னன்னு சொல்லும்போது அளவுக்கு மீறின செக்யூரிட்டி டெபாசிட் கேட்கிறதையும் ஒரு உதாரணமாவே எழுதியிருக்கு. சேவைக் குறைபாடுன்னா மாவட்ட ஆணையத்துக்கும், நியாயமற்ற ஒப்பந்தம்னா மாநில ஆணையத்துக்கும் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாங்க வழக்கு வரைக்கும் போகல. புண்ணோட போட்டோ, டாக்டர் எழுதின குறிப்பு, தேதியோட வாட்ஸப் மெசேஜ் எல்லாம் இணைச்சு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். 1,40,000 திரும்ப வந்தது. மிச்சம் 60,000-ஐ அந்த நாலாவது பக்கத்தைப் படிக்காததுக்கான ஃபீஸ்னு எழுதிக்கிட்டேன்.

ரெண்டாவது தடவை அக்ரிமென்ட்டை முன்கூட்டியே வாங்கி வீட்ல வச்சுப் படிச்சோம். டெபாசிட் ரெண்டு மாசக் கட்டணத்துக்கு மேல கேட்டா அடுத்த இடம். வருஷத்துக்கு எவ்வளவு சதவீதம் ஏத்துவாங்கன்னு எண் இருக்கணும், "அவ்வப்போது மாற்றப்படும்"னு இருந்தா ஏத்துக்கல. ஆஸ்பத்திரியில இருக்கிற நாளுக்குக் கட்டணம் உண்டா, இறந்துட்டா எத்தனை நாள்ல டெபாசிட் திரும்பும், இதெல்லாம் கேட்கவே கஷ்டமா இருக்கும். கேட்டேன். நல்லா நடத்துறவங்க இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கல.

பில்லையும் பாருங்க. முதல் இல்லத்துல 28,000-னு சொன்னது முதல் மாசமே 37,400 ஆச்சு: டயப்பர் 4,200, பிசியோதெரபி 12 தடவைக்கு 3,600, டாக்டர் விசிட் 800, மருந்து வாங்கி வர 800. அதனால "போன மாசம், எங்க பெரியம்மா மாதிரி படுக்கையில இருக்கிற ஒருத்தருக்கு மொத்த பில் எவ்வளவு வந்தது, பேரை மறைச்சுட்டுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலான்னும் கேளுங்க. வருமான வரித்துறையில அறக்கட்டளையா பதிவு செஞ்ச இல்லம், 60 வயசுக்கு மேலானவங்ககிட்ட தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாசம் 25,000 வரைக்கும் வாங்கினா ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துறதுக்கு இந்த விலக்கு கிடையாது.

போய்ப் பார்க்கும்போது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்க, மேனேஜர் இல்லாத நேரம். முதல் விஷயம் மூக்கு: மூத்திர வாடையும் அடிக்கக் கூடாது, அதை மறைக்கிற ஃபினாயில் வாடையும் தூக்கலா இருக்கக் கூடாது. கூப்பிடு மணி இருந்தா நீங்களே ஒரு தடவை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிஷம்னு போன்ல பாருங்க. எங்க ரெண்டாவது இடத்துல மூணு நிமிஷம் ஆச்சு. முதல் இடத்துல மணி இருந்தது, கனெக்ஷன் இல்ல, அதை நான் அழுத்தியே பார்க்கல.

பாத்ரூம்ல கைப்பிடி சுவர்ல உறுதியா இருக்கான்னு உங்க முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பாருங்க, சிரிச்சாலும் பரவாயில்ல. சாய்தளம் 1-க்கு 12 சரிவுல இருக்கணும், அதாவது வாசல்படி ஒரு அடி உயரம்னா சாய்தளம் 12 அடி நீளம். பல இடத்துல நாலு அடிக்கு ஒரு சிமென்ட் சறுக்கு மரம் போட்டு வச்சிருப்பாங்க. மருந்து கொடுத்த நேரமும் கையெழுத்தும் போட்ட தாள் ஒவ்வொருத்தருக்கும் தனியா இருக்கணும். ரெண்டாவது வெளி வழி பூட்டியிருந்தா சாவி யார்கிட்ட, அதுவும் ராத்திரியில யார்கிட்டன்னு கேளுங்க.

நம்ம கடற்கரை ஊர்களுக்கு இன்னொண்ணு. ஃபெஞ்சல் அன்னைக்கு இந்த இல்லத்துல என்ன பண்ணீங்கன்னு கேளுங்க. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடிச்சு, தரைத்தளத்துல தண்ணி வந்ததா, படுக்கையில இருந்தவங்களை மாடிக்கு எப்படித் தூக்கினீங்க, இன்சுலினை எங்க வச்சீங்க. உண்மையா சமாளிச்சவங்க நிறுத்தாம பேசுவாங்க. ஆஸ்பத்திரி தூரத்தையும் சனிக்கிழமை சாயங்கால டிராஃபிக்ல ஓட்டிப் பாருங்க. ஜிப்மர் இருக்கிறது கோரிமேட்டுல, வாரக்கடைசியில புதுச்சேரி ரோடு எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

கடைசியா தலைப்புல இருக்கிற கேள்வி. போன வாரத்து ட்யூட்டி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்க, அடுத்த வாரத்துது வேண்டாம். அப்புறம் ஒருநாள் ராத்திரி 10 மணிக்கு லேண்ட்லைனுக்கு போன் பண்ணி யார் எடுக்கிறாங்கன்னு பாருங்க.

பணம் எங்க இருந்து

ஹெல்த் இன்சூரன்ஸ் இதுக்கு வராது. வெறும் ஓய்வு, பராமரிப்புக்கான தங்கலை எல்லா பாலிசியும் விலக்கி வச்சிருக்கு. 70 வயசு தாண்டினவங்களுக்கு 2024 அக்டோபர்ல விரிவாக்கின ஆயுஷ்மான் பாரத் 5 லட்சமும் ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குத்தான். இன்சூரன்ஸ் இல்லாத 60 வயசு தாண்டின பெற்றோரோட மருத்துவச் செலவுக்குப் பழைய வரிமுறையில 50,000 வரை கழிவு உண்டு, ஆனா இல்லத்தோட மாதக் கட்டணம் மருத்துவச் செலவு ஆகாது, பெரியம்மா "பெற்றோர்" கணக்குலயும் வரமாட்டாங்க.

பெரியம்மாவுக்கு இப்போ மொத்தம் 33,000 ஆகுது. பெரியப்பாவோட குடும்ப ஓய்வூதியம் 11,000. குருசுக்குப்பம் வீட்டு வாடகை 12,000, வீட்டை வித்துடலாம்னு சொன்னவங்க பேச்சைக் கேட்கல. சேமிப்பு 15 லட்சத்தைச் சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல போட்டோம், 8.2% வட்டிக்கு மூணு மாசத்துக்கு 30,750, மாசக் கணக்குல 10,250. கூட்டினா 33,250. இன்னைக்குச் சரியா இருக்கு. வருஷம் 8% ஏறினா பத்து வருஷத்துல அதே 33,000 கிட்டத்தட்ட 71,000 ஆகும், ஓய்வூதியமும் வாடகையும் அந்த வேகத்துல ஏறாது. அந்த இடைவெளிக்கு நானும் அண்ணனும் ஆளுக்கு 4,000 எஸ்ஐபி ஆரம்பிச்சிருக்கோம். என் அப்பா அம்மாவுக்கு 58, 55. அவங்க பேர்லயும் தனியா ஒண்ணு.

அடி, திட்டு, புறக்கணிப்புன்னு ஏதாவது தெரிஞ்சா, உங்க வீட்டு ஆள் இல்லைன்னாலும், எல்டர்லைன் 14567-க்குக் கூப்பிடலாம். தினமும் காலை 8-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும், கட்டணம் இல்ல.

பெரியம்மாவோட புண் ஆற ரெண்டரை மாசம் ஆச்சு. இப்போ வாக்கர் வச்சு வராண்டா வரைக்கும் நடக்கிறாங்க. புது இடத்துல 14 பேர், ராத்திரிக்கு ரெண்டு ஆயா. அவங்களுக்கு இருக்கிற ஒரே குறை சாப்பாடு. கடலைப் பார்த்து வளர்ந்தவங்க, இங்க வாரத்துல ஒருநாள் முட்டை மட்டும்தான். வெளிச் சாப்பாட்டை ரெஜிஸ்டர்ல எழுதிட்டுக் கொடுக்கலாம்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி கேட்டு வாங்கியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பு எடுத்துட்டுப் போறாங்க. போன வாரம் பக்கத்து கட்டில் பாட்டியும் கேட்டாங்களாம், இப்போ ரெண்டு டப்பா.

எஸ்சிஎஸ்எஸ் கணக்கை எந்த பேங்க்ல, எப்படித் திறக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.